மலைக்குப் பின்னால் வரும் காற்று: பினாங்குக் கடலில் சிறு போட் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு, பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையிலுள்ள பத்து மாவுங் என்ற ஊரின் படகுத்துறையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பினாங்கு இரண்டாம் பாலத்தின் விளக்குகள் அதில் அப்படியே தெரியும். தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாக வருகிறவர்களுக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். "மழை வந்தாலும் சாயங்காலம்தான்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்ப்பார்கள்.

நான் அதிகம் பார்த்த தவறு இது. ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும், உண்மைதான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே இறுதி முதல் செப்டம்பர் வரை அந்தக் கணக்கு செல்லாது. இரவில் சுமாத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடிவதற்கு முன்போ காலையிலோ நம் கரைக்கு வந்து சேரும். மலாயில் இதை 'காரிஸ் பாடாய்' என்பார்கள். காற்றே இல்லாத கடலில் சில நிமிடங்களுக்குள் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்து அறையும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்தும் போகும். நாம் மீன் பிடிக்கப் புறப்படும் நேரமும் அது வரும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து.

அதிலும் நம் தீவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. காற்று வருவது மேற்கிலிருந்து. கிழக்குக் கரையில் பத்து மாவுங், அதற்கு எதிரேயுள்ள ஜெரெஜாக் தீவுப் பக்கம் நிற்பவருக்கு மேற்கு வானத்தின் அடிப்பகுதியை மலை மறைத்துவிடும். கொடிமலைத் (பினாங்கு ஹில்) தொடரின் உச்சி 833 மீட்டர். அதற்குப் பின்னால் மின்னிக்கொண்டிருக்கும் மேகம் நமக்குத் தெரியாது. தலைக்கு மேலே நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு 'வானம் தெளிவு' என்று முடிவுகட்டுகிறோம். கயிற்றை அவிழ்க்கும் முன் மலேசிய வானிலைத் துறையின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியில் ரேடார் படத்தைத் திறந்து, நீரிணையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முந்தின இரவு பார்த்தது போதாது. இடிமழை எச்சரிக்கை சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். நீங்கள் தூங்கும்போது வந்த எச்சரிக்கை காலையில் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்று வரும் எச்சரிக்கையில் 'முதல் வகை' என்ற சொல்லைப் பார்த்து, லேசானதுதானே என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் வகை என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, மூன்றரை மீட்டர் வரை அலை. சிறு போட்டுக்கு அதுவே தாங்காது.

அடுத்தது, தெரிந்த பிறகும் காத்திருப்பது. "இன்னும் ஒரு தூண்டில் போட்டுப் பார்ப்போம்" என்கிற அந்தப் பத்து நிமிடம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பாருங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணினால் பத்து கிலோமீட்டர் தூரம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகம் அதைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். முப்பதுக்குள் இடி கேட்டால் தூண்டிலைச் சுருட்டிப் படுக்கவையுங்கள். கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும், நிமிர்ந்து நிற்க விடாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டை அப்போதே எல்லாரும் போட்டுவிட வேண்டும். ஆடும் போட்டில், மழையில் நனைந்த கையோடு, ஒரு பிள்ளைக்கு வாரைப் பூட்ட முயன்றவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பினாங்கின் தென்மேற்கே உள்ள சிறு தீவான புலாவ் கெண்டிக்கு மேற்கே ஒரு காலை நானும் மாமாவும் மாட்டிக்கொண்டோம். சுக்கான் என் கையில். பின்னால் கறுத்துக்கொண்டு வந்ததும் எனக்கு ஓடிவிட வேண்டும் என்று மட்டுமே தோன்றியது. வேகத்தை முழுக்கத் திறந்தேன். பின்னாலிருந்து வந்த அலை தூக்கிக் கொடுக்க, போட் அலைமுகட்டைத் தாண்டிச் சரிந்து, மூக்கு பள்ளத்தில் குத்தியது. பின்பக்கம் இடப்புறமாகச் சுழன்றது. மாமா கத்தினார்: "டேய், வேகத்தைக் குறை! முன்னால போற அலைய முந்தாதே, அதோட முதுகிலயே நில்லு!"

அந்த ஒரு சொல் எங்களைக் காப்பாற்றியது. அலை பின்னாலிருந்து வரும்போது முகட்டைத் தாண்டி ஓடினால் போட் பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். அதற்காக நின்றுவிடவும் கூடாது. எஞ்சின் மாட்டிய பின்பலகை தாழ்வானது, பின்னாலிருந்து வரும் அலை அதன் மேல் ஏறிக் கொட்டும். முன்னால் போகும் அலையின் முதுகில், அதன் வேகத்திலேயே போக வேண்டும். அது முடியாவிட்டால் இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவே அடங்கும் நேரம் பார்த்துத் திரும்பி, அலை மூக்கில் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் படும்படி, சுக்கான் கேட்கும் அளவு வேகத்தோடு மெல்ல ஏறுங்கள். அலைக்கு விலாவைக் காட்டக் கூடாது. ஆட்களைத் தரையில், நடுவில் உட்காரவையுங்கள். புகுந்த தண்ணீரை உடனுக்குடன் இறையுங்கள். கால் நனையும் அளவு தண்ணீர்கூடச் சாயும் பக்கமே ஓடிப் போட்டை இன்னும் சாய்க்கும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு அவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும்.

எஞ்சின் அடிக்கடி சரியாக அந்த நேரத்தில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. குலுங்கும்போது எரிபொருள் டாங்கியின் அடியில் படிந்த அழுக்கும் தண்ணீரும் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடுகின்றன. எஞ்சின் நின்றால் நங்கூரத்தை மூக்கிலிருந்து போடுங்கள். எட்டுவது எளிது என்று பின்பக்கம் கட்டினால் போட் அலைக்கு முதுகைக் காட்டி நின்று நிறைந்துபோகும். ஆழம் அதிகமென்றால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி முன்னாலிருந்து இழுபட விட்டாலும் மூக்கு ஓரளவு காற்றைப் பார்த்து நிற்கும்.

கரை தெரிகிறதே என்று நேராக ஓடுவதும் தவறு. கிழக்குக் கரையோரம் பல இடங்களில் சேறு. கடல் வற்றும் நேரத்தில் தரைதட்டி, அலையடியில் அசைய முடியாமல் நிற்க நேரும். மேற்குக் காற்றுக்கு ஜெரெஜாக்கின் கிழக்குப் பக்கம் மறைவு தரும். வடக்கே முக்கா முனையைச் சுற்றி தெலுக் பஹாங் பக்கம் வந்துவிட்டாலும் அலை அடங்கும். இந்த இடங்களை வெயில் நாளிலேயே ஒருமுறை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி தண்ணீர் புகாத பையில், கழுத்தில் தொங்கட்டும். அவசரத்துக்கு 999, போட்டில் கடல் தொடர்பு வானொலி (VHF) இருந்தால் 16ஆம் அலைவரிசை. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிக் கொடுக்காமல் கிளம்பாதீர்கள். என் வீட்டில் அந்தத் துண்டுச்சீட்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும். குறித்த நேரம் தாண்டி அரை மணி ஆனால் அழைக்க வேண்டிய எண்ணும் அதிலேயே இருக்கிறது.