மால்ட் அரைக்க எந்த டிரில்? என் அனுபவம்

வீட்டில் பியர் காய்ச்ச, மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) உடைக்க வாங்கிய இரண்டு உருளை மில்லில் 10 மி.மீ. டிரில்லை மாட்டினால், பாதி மால்ட் இறங்குவதற்குள் டிரில்லில் கருகல் வாடை. ட்ரிக்கரை லேசாக அழுத்தி மெதுவாக ஓட்டினால் இன்னும் சூடு, ஏனென்றால் உள்ளே இருக்கும் விசிறியும் மோட்டாரோடு சேர்ந்து மெதுவாகிவிடுகிறது. வேகமாக விட்டால் உமி நொறுங்கி மாவாகி, அப்புறம் வடிகட்டவே முடியாது. உருளை இடைவெளியைக் கூட்டினால் முழு மணியாக விழுந்தது.

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர்தான் "எத்தனை வாட்டுங்கிறதை விடுங்க சார், கியர் இருக்கா பாருங்க" என்றார். அப்படி வாங்கியதுதான் இது: இரண்டு கியர், 13 மி.மீ. சக் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்). முதல் கியரில் மோட்டார் வேகமாகச் சுற்றினாலும் சக் நிதானமாகத்தான் சுற்றும். உமி முழுசாக, உள்ளே இருப்பது மட்டும் உடைந்து வருகிறது. நிம்மதி.

மில் தண்டு வழவழவென்று உருண்டையாக இருந்தால் சக் வழுக்கும், அரத்தால் மூன்று பக்கம் தட்டையாக ராவிவிடுங்கள். டிரில் ஓட ஆரம்பித்த பிறகே மால்ட்டைக் கொட்டுங்கள்.