பொங்கலுக்கு ஊர் வருகிறவர்களே, முன்பணம் கொடுக்காதீர்கள்

மார்கழி பிறந்ததும் வளைகுடாவிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "மாமா, பொங்கலுக்கு வருகிறேன். நல்ல இடம் ஏதாவது இருந்தால் பார்த்து வையுங்கள்." பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்து முதன்முறை கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஊர் திரும்பும் பையன்கள். மஸ்கட்டில் இருந்த காலத்தில் நான் அடித்த கூத்துகளையே அச்சு மாறாமல் அடிக்கிறார்கள். அவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். பெட்டியின் எடை, பாஸ்போர்ட் நகல் பற்றியெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள்.

சென்னை டிக்கெட் மலிவு என்பது

மீனம்பாக்கத்திலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 250 கிலோமீட்டர். தர்மபுரி இன்னும் ஐம்பது தள்ளி. போகிக்கு முந்தைய இரவு பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. கிருஷ்ணகிரிக்கு ரயிலும் கிடையாது. பெங்களூரு தேவனஹள்ளியில் இறங்கினால் கிருஷ்ணகிரிக்குச் சுமார் 125 கிலோமீட்டர்தான். மாலையில் இறங்கினால் ஹெப்பாள், சில்க் போர்டு சந்திப்புகளின் நெரிசல் உயிரை வாங்கிவிடும். விடியற்காலை வந்து சேரும் விமானமாகப் பார்த்தால் ஓசூரில் இட்லி சாப்பிடலாம்.

விடுப்பில் வந்து தோப்பு வாங்குவது

தை மாதம் மாமரங்கள் பூவெடுத்திருக்கும். வெறும் மணலையே பார்த்துச் சலித்த பையனுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் பூத்த தோப்பு ஒன்றைக் காட்டினால் போதும். தரகருக்கு இது தெரியும். விடுப்பு என்றைக்கு முடிகிறது என்பதும் தெரியும். "இன்னொருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், இன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டால் நல்லது" என்பார். ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்ததிலிருந்து அந்தக் கதையும் சேர்ந்துகொண்டது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மானாவாரி நிலத்துக்கும் அதே விமான நிலையத்தைக் காட்டி விலை ஏற்றுகிறார்கள்.

என் அக்கா மகன் வெள்ளைத்தாள் ஒப்பந்தம் ஒன்றை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தோப்பு வங்கியில் அடமானம். கிணற்றில் பங்கு உண்டு என்றார்கள். மூலப் பத்திரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. வண்டித் தடம் பங்காளியின் நிலத்துக்குள் போகிறது. பணத்தைக் கேட்டால் "காய் இறங்கட்டும்" என்கிறார்கள். எத்தனை காய்ப்பு இறங்கியும் பணம் இறங்கவில்லை.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம். அவன் அந்தத் தோப்பை வாங்கவே கூடாது என்பதை அங்கிருந்த ஒருவரும் சொல்லவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வேலைக்காக வெளிநாட்டில் தங்கியிருக்கும் இந்தியர் இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. தாத்தா சொத்தில் பாகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. "சார்பதிவாளரே பதிந்து கொடுத்துவிட்டாரே" என்று வாதாடுவார்கள். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் தடை நீங்கிவிடாது. உங்கள் பணத்தில் தம்பி பெயருக்கு வாங்கலாம் என்றால் பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும். அது நிற்காவிட்டாலும், தம்பிக்குக் கல்யாணம் ஆன பிறகு வேறு வழக்கு வரும்.

மனை வாங்குவதானாலும் விடுப்புக்கு முன்பே, அங்கிருந்தபடி சரிபாருங்கள். சர்வே எண் கையில் இருந்தால் பட்டா, சிட்டா விவரங்களை அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கமும் பார்க்கலாம். சர்வே எண்ணைத் தரத் தயங்கும் தரகரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். ஊரில் இருப்பவருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினால், தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மேசை இழுப்பறையில் கிடந்து காலாவதியான அதிகாரப் பத்திரங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பொங்கல் வாரத்தில் தாலுகா அலுவலகம்

தை முதல் மூன்று நாளும் அரசு விடுமுறை. சனி, ஞாயிறு ஒட்டிக்கொண்டால் ஐந்து நாள். அடுத்து ஜனவரி 26. சில ஆண்டுகளில் தைப்பூசமும் அதற்குள் வந்துவிடும். வேலை இருக்கிறவர்கள் மார்கழியிலேயே வாருங்கள்.

பழைய சேமிப்புக் கணக்கு

வெளிநாடு போன பிறகும் அதையே ஓட்டக் கூடாது. வங்கிக்குப் போய் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள்.

மறுநுழைவு விசாவின் கடைசி நாளுக்குத் திரும்பும் டிக்கெட்

போடாதீர்கள்.

எருது விடும் விழா

தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள். உடைந்த காலோடு விடுப்பு நீட்டிப்புக் கேட்டால் எந்த முதலாளியும் நம்பமாட்டார்.