இடிபாட்டில் கிடைத்த கான்கிரீட்டும் செங்கல்லும்: பொது இடத்துக்குத் தளமும் திண்ணையும்

பழைய பொருளில் வேலை செய்யும்போது வரைபடத்தைக் கடைசியில் போடுங்கள். எந்தக் கனத்தில் எத்தனை கான்கிரீட் பாளம், முழுச் செங்கல் எவ்வளவு தேறும் என்று தெரியாமல் வரைந்தால், பாதி வேலையில் புதுப்பொருள் வாங்க நேரும். குவியலை இடத்துக்குக் கொண்டுவந்து, பிரித்து, எண்ணிய பிறகே நூல் பிடியுங்கள். இங்கே மரத்தடியில் 30 சதுர மீட்டர் இடத்தைக் கணக்காக எடுத்துக்கொள்வோம்.

தளத்துக்கு 7 முதல் 10 செ.மீ. கனமுள்ள பாளங்கள் ஏற்றவை. 7.5 செ.மீ. கனத்தில் 45 செ.மீ. சதுரத் துண்டு ஏறத்தாழ 36 கிலோ இருக்கும்; இரண்டு பேர் தூக்க அதற்கு மேல் வேண்டாம். 30 சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன் பிடிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒட்ட அறுத்துவிடுங்கள்.

செங்கல்லில் இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் என்றால் கல் சுத்தமாகக் கழன்று வரும். சிமென்ட் கலவை கல்லின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு வரும். அப்படிப்பட்டவற்றை உடைத்து அடித்தளத்துக்கு அனுப்புங்கள். கழிவறைச் சுவர், தரையை ஒட்டிய வரிசைகள் ஆகியவற்றின் கல்லில் உப்பு ஏறியிருக்கும். திண்ணையில் வைத்தால் வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் முகம் உதிரும்.

இலவசமாகக் கிடைத்தாலும் சிலவற்றைத் தொடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்தால் அதன் இழை மூச்சில் போகும். தார் எண்ணெய் ஏற்றிய பழைய ரயில் கட்டைகள் தோலில் படும் இருக்கைக்கு ஆகாது. டயர் அழகாகத் தெரியும். வெயிலில் கொதிக்கும், மழையில் உள்ளே நீர் தேங்கிக் கொசு வளர்க்கும்.

இனி மண் வேலை. தளம் கெடுவது பெரும்பாலும் மேலே அல்ல, அடியில்தான். 10 செ.மீ. அடித்தளம், 4 செ.மீ. மணல், மேலே பாளம் என்று கணக்கிட்டு 22 செ.மீ. தோண்டுங்கள். பாளத்தின் கனம் கூடினால் ஆழமும் கூடும். அதனால் ஒரே கனமுள்ளவற்றை ஒரே பட்டையாகப் பாவுங்கள். தோண்டிய அடிமண்ணிலேயே நீர் வழிய மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் (சரிவு) கொடுங்கள், மணலை ஏற்றி இறக்கி வாட்டம் வரவைத்தால் மணல் கனமான பக்கம் பின்னால் இறங்கிவிடும். மரத்தைச் சுற்றி 1.2 மீட்டருக்குத் தோண்டவும் வேண்டாம், பாவவும் வேண்டாம். கான்கிரீட் தூளின் காரம் மண்ணில் இறங்கும் என்பதால் அந்த வட்டத்தில் இடிபாடு கொட்டாதீர்கள்.

அடித்தளத்துக்கு உடைத்த செங்கல்லும் கான்கிரீட்டும் தளர்வாக 4 கன மீட்டர் கொண்டுவந்தால், இறுகியபின் 3 கன மீட்டர் நிற்கும். இரண்டு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்து, திமிசு போட்டு (கனமான கட்டையால் இடித்து) இறுக்குங்கள். இடையில் ஜிப்சம் பலகைத் துண்டு கலந்திருந்தால் பொறுக்கி எறியுங்கள். ஈரத்தில் அது குழைந்து தளம் பள்ளமாகும். மணல், இடுக்குக்கும் சேர்த்து, ஒன்றரை கன மீட்டர் போதும்.

விளிம்பில் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கலவையில் நிறுத்திய பிறகே உள்ளே பாவத் தொடங்குங்கள். விளிம்பு இல்லாத தளம் ஓரத்திலிருந்து விரியும். பாளத்தின் வழவழப்பான முகம் மேலே இருக்கட்டும். இடுக்கு 1 செ.மீ. அடுத்தடுத்த பாளங்களின் ஏற்ற இறக்கம் 6 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். சக்கர நாற்காலியும் கைத்தடியும் அதற்கு மேல் தடுக்கும். இடுக்கைச் சிமென்ட்டால் அடைப்பது வீண்வேலை: விரிசல் விட்டு, நீரை உள்ளேயே நிறுத்தும். மணலைத் துடைப்பத்தால் தள்ளி, மேல்மட்டம் வரை நிரப்புங்கள்.

திண்ணை 45 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம். அடியில் 15 செ.மீ. செங்கல் ஜல்லிக் கான்கிரீட். கல் கட்டும் கலவைக்கு நீற்றிய சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் மூன்றும் சம பங்கு. நன்கு சுட்ட செங்கல்லின் தூள்தான் சுர்க்கி. சுண்ணாம்பை ஈரத்திலும் இறுக வைப்பது அதுவே. வேகாத கல்லை அரைத்தால் வெறும் மண். கல்லை நனைத்துக் கட்டி, குறைந்தது 7 நாள் ஈரச் சாக்கு போர்த்துங்கள். சிமென்ட்டைவிட மெதுவாக இறுகும், பொறுமை வேண்டும். பதிலுக்கு, என்றாவது இந்தத் திண்ணையைப் பிரித்தால் கல் முழுதாகத் திரும்பும். மேல்முகத்துக்கு 1 செ.மீ. வாட்டம் வையுங்கள். முதியவர் ஊன்றி எழ ஒரு முனையில் கைப்பிடியும், பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. வெற்றிடமும் தேவை.

மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகையை இருக்கையாக்கினால் மரத்தைவிட நெருக்கமாகத் தாங்கி கொடுங்கள், இல்லையேல் நடுவில் தொய்யும். வெயிலில் நீளும் என்பதால் திருகுத் துளையை நீள்வட்டமாகத் துளையிடுங்கள்.

பத்துப் பாளமாவது ஒதுக்கி வையுங்கள். முதல் பெருமழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து, நீர் நிற்கும் பாளங்களுக்குக் குறி போடுங்கள். காய்ந்ததும் கடப்பாரையால் நெம்பி, மணல் சேர்த்து மறுபடி உட்கார வையுங்கள். இரண்டாம் மழையிலும் அதே இடத்தில் தேங்கினால், மணலோடு நிற்காமல் அடித்தளம் வரை பிரித்துத் திமிசு போட வேண்டும்.