மாலையில் தளரும் மனக்கட்டுப்பாடு: உணவுப் பழக்கத்தை மாற்ற முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை பார்டரில் இருக்கிறது, இனிப்பையும் நொறுக்குத் தீனியையும் குறையுங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவர்களில் பலர் முதல் சில நாட்கள் உறுதியாகவே இருக்கிறார்கள். காலையில் சர்க்கரை போடாத காபி, மதியம் அளவான சோறு என்று பகல் ஒழுங்காக நகர்கிறது. மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் தேநீரோடு ஒரு தட்டு மிக்சர் உள்ளே போகிறது. இரவு படுக்கும் முன் யாரோ கொண்டுவந்து கொடுத்த மைசூர்பாகும் கரைகிறது. அடுத்த நாளும் அப்படியே நடந்தால், தனக்கு மனவுறுதி போதாது என்று அவரே தம்மைப் பற்றி முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. மாலை நேரத்து மனவலிமையை நம்பாமலேயே மாற்றத்துக்கான திட்டத்தை அமைத்துக்கொள்ள முடியும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முயற்சிக்குப் பலன் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரையிலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையிலோ இருந்தால், அதைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். இத்தகைய முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. நம்மைப் போலச் சோறும் இட்லியும் சாப்பிடுகிற மக்களிடம் கிடைத்த முடிவு என்பதால் அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மனக்கட்டுப்பாடு உண்மையில் தீர்ந்துபோகிறதா?

மனக்கட்டுப்பாடு என்பது பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்துபோகும் சேமிப்பு என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதற்கு 1998இல் வெளியான ஒரு சோதனை முக்கியக் காரணம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடன் பணிபுரிந்தோரும் பசியோடு வந்த மாணவர்களை, சாக்லேட் பிஸ்கட் சுட்ட மணம் நிறைந்திருந்த அறையில் உட்காரவைத்தார்கள். சிலரை அந்தப் பிஸ்கட்டையே சாப்பிடச் சொன்னார்கள். வேறு சிலரை, பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்னச் சொன்னார்கள். அதன்பின் விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தபோது, பிஸ்கட் கிடைத்தவர்கள் ஏறத்தாழ 19 நிமிடம் முயன்றார்கள். ஆசையை அடக்கிக்கொண்டு முள்ளங்கி தின்றவர்களோ சுமார் 8 நிமிடத்திலேயே கைவிட்டார்கள்.

இதைத் தொடர்ந்து, தீர்ந்துபோவது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ்தான், இனிப்பான பானம் குடித்தால் மனக்கட்டுப்பாடு மீண்டுவிடும் என்ற கருத்தும் 2007இல் முன்வைக்கப்பட்டது. சர்க்கரையைக் குறைக்க வேண்டியவர் இதை நம்பினால் கேடுதான். பின்னர் நடந்த சோதனைகளில், இனிப்பு நீரை விழுங்காமல் வாயில் கொப்பளித்துத் துப்பினாலே அதே விளைவு தென்பட்டது. வயிற்றுக்குள் போகாத சர்க்கரை எந்தக் குறையையும் நிரப்பியிருக்க முடியாது. அடிப்படைக் கருத்தும் பலமாக அடிவாங்கியது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,100க்கும் மேற்பட்டோரிடமும், 2021இல் 36 ஆய்வகங்கள் சேர்ந்து 3,500க்கும் மேற்பட்டோரிடமும் இதைச் சோதித்தபோது, விளைவு ஏறக்குறைய இல்லை என்று சொல்லும் அளவுக்கே சிறியதாக இருந்தது.

இதனால் மாலைச் சோர்வு பொய்யாகிவிடாது. ஆய்வகத்தில் சில நிமிடங்கள் கொடுக்கப்படும் வேலையும், அலுவலகத்தில் ஒரு முழு நாளைக் கழித்துவிட்டு நெரிசலான பேருந்தில் நின்றபடியே வீடு வருவதும் ஒன்றாகா. மைக்கேல் இன்ஸ்லிக்ட், பிராண்டன் ஷ்மைக்கல் ஆகிய உளவியலாளர்கள் 2012இல் தந்த விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது: கடமைக்காகவே நெடுநேரம் உழைத்த மனம், அதன்பின் தனக்கு இன்பம் தருவதை நோக்கித் திரும்புகிறது, அதன் கவனமும் அத்தகைய பொருட்களின் மீதே விழத் தொடங்குகிறது. காய் நறுக்கக்கூடத் தெம்பில்லை என்று சொல்பவர், கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவர் வரை உற்சாகமாகப் பார்ப்பதை எந்த வீட்டிலும் காணலாம். தெம்பு இருக்கிறது, அது போகும் திசை மாறிவிட்டது.

இனிச் சொல்லப்போகும் வழிமுறைகளுக்கெல்லாம் அடிப்படையாக இன்னொரு ஆய்வும் உண்டு. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரைச் சார்ந்த பகுதியில் 205 பேரிடம், நாள் முழுவதும் அவ்வப்போது, "இந்த நேரத்தில் ஏதாவது ஆசை எழுகிறதா, அதோடு போராடுகிறீர்களா" என்று கேட்டுப் பதிவு செய்து 2012இல் வெளியிட்டார்கள். மனக்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் என்று அளவிடப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் போராடியிருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்களுக்கோ போராட வேண்டிய தருணங்களே குறைவாக இருந்தன. ஆகவே, ஆசையை வெல்லும் பயிற்சியைவிட, ஆசையைச் சந்திக்கும் இடங்களைக் குறைக்கும் ஏற்பாட்டில் உழைப்பைச் செலவிடுவதே சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், திட்டத்துக்கு வெளியே சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அப்போது பசித்ததா என்ற நான்கையும் கைப்பேசியிலோ சிறு நோட்டிலோ குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் பார்த்தால், நாள் முழுவதும் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைத்தது உண்மையில் ஓரிரண்டு குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் நடப்பது பெரும்பாலும் தெரியவரும். அந்த நேரங்களுக்கு மட்டும் திட்டம் தீட்டினால் போதும்.

பசி என்று குறித்த இடங்களை முதலில் கவனிக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் இரவு ஒன்பது மணிக்குத்தான் அடுத்த உணவு என்று வைத்துக்கொண்டால் இடையில் எட்டு மணி நேரம் போகிறது. மாலையில் அவர் மிக்சர் டப்பாவைத் திறப்பதற்கு மனவுறுதியோடு சம்பந்தமே இல்லை. இதற்கு மாலை நாலரை மணிக்கு, பசி முற்றுவதற்கு முன்பே, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ பச்சைப்பயறுச் சுண்டலோ, கூடவே ஒரு டம்ளர் மோரோ எடுத்துக்கொள்வது நல்ல வழி. முந்தைய இரவே கடலையை ஊறப்போட்டுக் காலைச் சமையலோடு குக்கரில் வேகவைத்து, அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பையில் மதிய உணவோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். மாலையில் வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும், உணவு நேரத்தையும் அளவையும் மாற்றுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பசியில்லாமல் சாப்பிட்ட இடங்களுக்கு வேறு ஏற்பாடு தேவை. அவற்றில் பெரும்பங்கு வீட்டில் அந்தப் பண்டம் இருந்ததாலும், கண்ணில் பட்டதாலும் நேர்ந்தவை. மளிகைப் பட்டியல் எழுதும் நேரத்தில் ஒருமுறை "வேண்டாம்" என்று முடிவெடுப்பது எளிது. அதே முடிவைச் சோர்ந்துபோன ஒவ்வொரு மாலையும் திறந்த டப்பாவின் முன்னால் எடுப்பது கடினம். ஆனால் நம் வீடுகளில் ஒருவர் மட்டும் வசிப்பதில்லை. குழந்தைகளுக்குத் தின்பண்டம் வேண்டும், பெரியவர்களுக்கு மாலையில் முறுக்கு வேண்டும். ஆகவே வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவது இந்தத் திட்டத்தில் தவிர்க்க முடியாத பகுதி. கண்ணாடி ஜாடியில் சாப்பாட்டு மேசையின் மீது இருப்பதை மூடிய எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி மேல் அலமாரியில் வைக்கலாம். கிலோக் கணக்கில் வாங்குவதை விட்டு, அவரவர்க்கு வேண்டிய சிறு பொட்டலமாக வாங்கலாம். விசேஷ வீடுகளிலிருந்து வரும் இனிப்பை அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் பகிர்ந்துவிடலாம். சமையல் பொறுப்பில் உள்ளவரிடம் இதைக் கட்டளையாகச் சொல்லாமல், அறிக்கையைக் காட்டி உதவியாகக் கேளுங்கள். அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் எந்த உணவுத் திட்டமும் ஒரு மாதம் தாண்டுவதில்லை.

வீட்டுக்கு வெளியே நேரும் சந்தர்ப்பங்களுக்கு முன்கூட்டியே சொற்களைத் தயார் செய்து வைப்பது பயனளிக்கும். "இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்வேன்" என்று சூழலையும் செயலையும் ஒரே வாக்கியத்தில் பிணைத்துக்கொள்ளும் முறையை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் முன்வைத்தார். 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே குறிக்கோள் வைத்துக்கொள்வதைவிட இது தெளிவாக மேலானது என்று தெரிந்தது. "இனிமேல் இனிப்பைக் குறைப்பேன்" என்பதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. "வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் முகம் கழுவிவிட்டு மோர் குடிப்பேன்" என்பதில் இரண்டும் உண்டு. உறவினர் வீட்டில் தட்டை நீட்டும்போது என்ன சொல்வது என்பதையும் அப்படியே முடிவுசெய்து வையுங்கள்: "டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார் அத்தை, சர்க்கரை போடாம ஒரு காபி மட்டும் குடுங்க." மறுப்போடு வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வதால் உபசரிப்பவருக்கும் மனக்குறை இருக்காது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். புதிய செயல் பழக்கமாகும் வரை அதற்குக் கவனம் தேவைப்படுகிறது. நான்கைச் சேர்த்துத் தொடங்கினால் நான்குக்கும் கவனம் போதாது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்ததில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்டச் சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 254 நாளும் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. நடு அளவு 66 நாள். 21 நாளில் பழக்கம் மாறிவிடும் என்று சொல்லப்படுவதை நம்பி 22ஆம் நாள் மனம் உடைந்துபோக வேண்டியதில்லை.

வெளியிலிருந்து ஒரு பிடிமானம்

தம் மனத்தைத் தாமே கட்டிப்போட வெளியாரின் உதவியை நாடுவதைப் பலர் இழிவாக எண்ணுகிறார்கள். சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 தொழிலாளர்களிடம் பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றக்கூடியது. குடிக்காமல் வந்தால் பணம் என்ற ஏற்பாட்டால் பகல்நேரக் குடி குறைந்தது, சேமிப்பு ஏறத்தாழப் பாதியளவு கூடியது. நிபந்தனை இல்லாமல் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய பணத்தை விட்டுக்கொடுத்துக்கூட, குடிக்காமல் இருந்தால் மட்டுமே தொகை கிடைக்கும் ஏற்பாட்டை மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தங்கள் பலவீனம் எது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்கேற்ற தடுப்பையும் விரும்பினார்கள்.

உணவு விஷயத்தில் இதைவிட எளிய பிடிமானமே போதுமானதாக இருக்கலாம். மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. அதே நிலையில் உள்ள நண்பர் ஒருவரோடு சேர்ந்து, தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒருவருக்கொருவர் ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இவற்றைச் செய்ய முனையாதீர்கள். தூக்கம் கெட்ட மறுநாள் பசியும் கூடும், எரிச்சலும் கூடும்.

தவறிய நாளில்

ஒரு நாள் தவறும். அப்போது நேரும் பெரிய இழப்பு சாப்பிட்ட ஒரு லட்டுவால் வருவதில்லை. "இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தால் வருகிறது. 1975இல் ஹெர்மன், மேக் ஆகிய உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றபோது, மில்க்‌ஷேக் குடிக்காத நிலையில் சாப்பிட்டதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். லாலியின் ஆய்விலோ, இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. எனவே அடுத்த வேளை உணவிலேயே திட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஈடுகட்டுவதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள், அது மறுநாள் மாலைப் பசியைத்தான் வளர்க்கும். எப்போது, எங்கே, எதற்குப் பின் தவறியது என்று அதே நோட்டில் ஒரு வரி எழுதி, அந்தச் சந்தர்ப்பத்துக்கு என்று ஒரு புதிய வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே நாட்காட்டியைப் பார்த்து, மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பரிசோதனைக்கு ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். போகும்போது அந்த நோட்டையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.