எட்டு சீட்டு, ஒரே ஆளு: ஜப்பான்ல சின்ன இஸகாயாவுக்கு மொத தடவ போறவங்களுக்கு

சித்தப்பா பையனுக்கு ஜப்பான்ல வேல கெடச்சிருக்கு, ஒசாகா பக்கம். போன வாரம் காட்பாடில டீ குடிச்சிகினு இருக்கும்போது "அண்ணா, அங்க ஆபீஸ் முடிஞ்சா எல்லாரும் இஸகாயா போவாங்களாமே, அது இன்னாண்ணா, நம்ம ஊரு ஒயின்ஷாப் பார் மாதிரியா"ன்னு கேட்டான். நான் அங்க நாலு வருஷம் குப்ப கொட்டிட்டு வந்தவன், கேட்டா விடுவனா, டீ ஆறிப்போயி ஏடு கட்டற வரைக்கும் சொல்லிகினே இருந்தேன். அப்பறம் தான் தோணுச்சு, நம்ம வேலூர்லேர்ந்து வருஷா வருஷம் பசங்க அங்க போயிகினு தான் இருக்காங்க, பேசாம எழுதியே போட்டுடலாம்னு.

பார் மாதிரின்னும் சொல்ல முடியாது, ஓட்டல்னும் சொல்ல முடியாது. 'இ'ன்னா இருக்கறது, 'சகாயா'ன்னா சரக்கு விக்கற கட. எடோ காலத்துல (1603லேர்ந்து 1868 வரைக்கும்) சரக்கு வாங்க வந்தவங்க அங்கயே உக்காந்து குடிக்க ஆரம்பிச்சாங்க, கடக்காரரும் தொட்டுக்க ஏதோ ஒண்ணு குடுக்க ஆரம்பிச்சாரு, அப்படி வந்தது தான். நம்ம பார்ல சைடிஷ்ன்றது சரக்குக்குத் தொண போறது, இங்க சைடிஷ் தான் ஹீரோ, அதுக்காகவே ஒரு கடைய தேடிப் போவாங்க. குடிக்காதவங்களும் தாராளமா போலாம், அது பின்னாடி சொல்றேன்.

பெரிய பெரிய செயின் கடைங்க இருக்கு, படம் போட்ட மெனு, டேப்லெட்ல ஆர்டர், அங்க போறதுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். நான் சொல்றது சந்துக்குள்ள இருக்கற சின்ன கட. ஒரு மரப்பலக கவுண்டர், அதுல எட்டு சீட்டு, உள்ள ஒரே ஆளு. அவரே அடுப்புல நிப்பாரு, அவரே பீர் ஊத்துவாரு, அவரே பில்லு போடுவாரு, சில கடையில சம்சாரம் கூட இருப்பாங்க. அவர மாஸ்டர்னோ தைஷோன்னோ கூப்புடுவாங்க. இந்த எட்டு சீட்டு, ரெண்டு கைன்ற கணக்க மட்டும் மண்டையில ஏத்திகினீங்கன்னா மத்த ரூல்ஸ் முக்காவாசி தானா புரிஞ்சிடும்.

கட தெறந்திருக்கான்னு பாக்க வாசல்ல தொங்கற துணிய பாருங்க, அதுக்கு நோரென்னு பேரு. வெளிய தொங்குனா தெறந்திருக்கு, உள்ள எடுத்து வெச்சிட்டாங்கன்னா மூடியாச்சு. பக்கத்துல செவப்பு காகித லாந்தர் ஒண்ணு எரியும். கதவு பெரும்பாலும் பக்கவாட்டுல தள்றது, நான் மொத நாளு இழுத்து இழுத்து பாத்துட்டு மூடிட்டாங்க போலன்னு திரும்புனேன், உள்ளேர்ந்து ஒரு தாத்தா வந்து தள்ளிக் காட்டுனாரு, மானம் போச்சு. உள்ள தலைய நீட்டுனதும் "இரஷ்ஷாய்மாஸே"ன்னு ஒரு சத்தம் வரும், அதுக்கு பதில் சொல்ல வேணாம், எத்தன பேருன்னு வெரல காட்டுனா போதும். நேரா போயி காலியா இருக்கற சீட்டுல உக்காந்துடாதீங்க, அவரு கைய காட்டற எடத்துல தான் உக்காரணும், ஏன்னா அந்த காலி சீட்டு எட்டு மணிக்கு வர்ற ரெகுலர் கஸ்டமருக்கா இருக்கும்.

நாங்க ஒரு தடவ ஆறு பேரு கும்பலா போனோம். எட்டு சீட்ல ஆறு காலியா தான் இருந்துது, அவரு பல்ல கடிச்சிகினு காத்த இழுக்கற மாதிரி ஒரு சத்தம் போட்டு "ச்சொத்தோ..."ன்னாரு. நம்ம பசங்களுக்கு கோவம், வெளிநாட்டுக்காரன்னு தானே தொரத்தறான்னு. அப்படிப்பட்ட கடையும் எங்கியாவது இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அன்னிக்கு காரணம் அது இல்ல. ஆறு பேருக்கு ஒரே நேரத்துல சமைக்க அவருக்கு கை இல்ல, அவ்ளோ தான். அடுத்த வாரம் நானும் இன்னொருத்தனும் மட்டும் போனோம், அதே ஆளு சிரிச்சிகினே உக்கார வெச்சாரு. ஒருத்தரா, ரெண்டு பேரா போங்க. சாயங்காலம் அஞ்சு, அஞ்சரைக்கே போனா இன்னும் நல்லது. இன்னொண்ணு, 'ச்சொத்தோ'ன்னா 'கொஞ்சம்'னு அர்த்தம், ஆனா அப்படி இழுத்தா முடியாதுன்னு அர்த்தம், நின்னு வாதாடாதீங்க.

பாய் போட்ட தரையில உக்கார வெக்கற கடையா இருந்தா ஷூ கழட்டணும், அதனால ஓட்ட இல்லாத சாக்ஸ். நம்ம வெயில்ல செருப்புலயே காலம் தள்ளுனவங்களுக்கு இது மறந்துடும்.

உக்காந்ததும் சுருட்டின ஈரத்துணி வரும், குளிர்காலத்துல சூடா, வெயில் காலத்துல ஜில்லுனு. கைய தொடைக்கத் தான் அது, மூஞ்ச, கழுத்தெல்லாம் தொடைக்காதீங்க, அந்த ஊரு பெருசுங்க சில பேரு தொடைப்பாங்க, பாத்து ஆசப்படக் கூடாது.

அடுத்து வர்றது தான் நம்மாளுங்க சண்ட போடற எடம். நீங்க கேக்காமலே ஒரு சின்ன கிண்ணத்துல ஏதோ ஒண்ணு வரும், வேகவெச்ச முள்ளங்கியோ, கீரையோ, ரெண்டு துண்டு மீனோ. இதுக்கு ஒதோஷின்னு பேரு, ஒசாகா பக்கம் ட்ஸுகிதாஷின்னுவாங்க. நானும் ஃப்ரீன்னு நெனச்சி தின்னுட்டேன், பில்லுல தலைக்கு 400 யென். ஆர்டரே பண்ணாததுக்கு எதுக்கு காசுன்னு கூகுள் டிரான்ஸ்லேட்ட நீட்டி கேட்டேன், பாவம் அந்த மனுஷன் பயந்து குனிஞ்சி குனிஞ்சி மன்னிப்பு கேட்டாரு. அப்பறம் ஆபீஸ்ல ஒருத்தரு வெளக்கி சொன்னப்ப எனக்குத் தான் அசிங்கமா போச்சு. அது சீட்டு வாடக மாதிரி. எட்டே சீட்டு, நீங்க ரெண்டு மணி நேரம் உக்காரப் போறீங்க, 300லேர்ந்து 500 யென் வரைக்கும் சாதாரணம், நூறு யென்னுக்கு அம்பது அறுபது ரூபான்னு வெச்சிக்கங்க. அத வேணாம்னு திருப்பறது மரியாத இல்ல, ஒத்துக்காத பொருள் ஏதாவது இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.

மொதல்ல குடிக்க சொல்லணும், அப்பறம் தான் சாப்பாடு. மெனுவ அரமணி நேரம் படிச்சிகினு உக்காரக் கூடாது. எல்லாரும் சொல்ற வார்த்த "தோரியாயெஸு நாமா", அதாவது இப்போதைக்கு ஒரு டிராஃப்ட் பீர். குடிக்காதவங்க "ஊரோன்ச்சா"ன்னு சொல்லுங்க, கசப்பா ஜில்லுனு ஒரு டீ வரும், யாரும் ஏன் குடிக்கலன்னு நோண்ட மாட்டாங்க. ஆனா வெறும் தண்ணி மட்டும் குடிச்சிகினு உக்காந்திருக்கறது சரி இல்ல, அந்த மனுஷனுக்கு குடிக்கறத விக்கறதுல தான் நாலு காசு. இருவது வயசு ஆகாதவங்களுக்கு சரக்கு கெடையாது. கூட வந்தவங்க கிளாஸ் வரட்டும், "கம்பாய்" சொல்லிட்டு ஒண்ணா வாய் வைங்க. பாட்டில்ல வாங்குனா உங்க கிளாஸ்ல நீங்களே ஊத்திக்காதீங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஊத்துங்க, அவங்க உங்களுக்கு ஊத்துவாங்க.

நாம சாக்கேன்னு சொல்ற அரிசி சரக்க கேக்கணும்னா நிஹொன்ஷுன்னு கேளுங்க, சாக்கேன்னா அவங்களுக்கு பொதுவா எல்லா சரக்கும் தான். அதோட அளவு பேரு ஒரு 'கோ', 180 மில்லி. நம்மாளுங்களுக்கு இத மனப்பாடம் பண்ணவே வேணாம், கரெக்டா குவார்ட்டரு! பதினஞ்சு பதினாறு சதவீதம் தான், பீருக்கு மேல, பிராந்திக்கு கீழ, தண்ணி மாதிரி எறங்கும், எழுந்திருக்கும்போது தான் தெரியும். சில கடையில சின்ன மரப்பெட்டிக்குள்ள கிளாஸ வெச்சி நெரம்பி வழியற வரைக்கும் ஊத்துவாரு, பெட்டியும் பாதி நெரம்பிடும். கை தவறிடுச்சோன்னு பதறாதீங்க, வேணும்னே தான் ஊத்தறாரு, கொசுறு. கிளாஸ தூக்குனா சிந்தும், அதனால தலைய குனிஞ்சி வாய கிளாஸ்கிட்ட கொண்டு போயி மொத மொடக்கு உறிஞ்சணும். கொஞ்சம் கொறஞ்சதும் கிளாஸ எடுத்து அடிய தொடச்சிட்டு குடிங்க, பெட்டியில இருக்கறத அப்பறம் கிளாஸ்ல ஊத்திக்கங்க. டீய சாஸர்ல ஊத்தி குடிச்ச பரம்பர நாம, இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல.

இப்ப சாப்பாடு. செவுத்துல காகிதப் பட்டயா ஒட்டியிருக்கும், கையெழுத்துல, போன் கேமரா டிரான்ஸ்லேட்டு அதுல பாதி தான் படிக்கும், மீதிய ஒளறும். "ஓஸுஸுமே வா?"ன்னு கேளுங்க, இன்னிக்கு எது நல்லாருக்குன்னு அர்த்தம். ஒரே மூச்சுல பத்து ஐட்டம் சொல்லாதீங்க. ரெண்டு சொல்லுங்க, வரட்டும், சாப்புடுங்க, திரும்ப ரெண்டு. கல்யாணப் பந்தி மாதிரி எல்லாம் ஒண்ணா எலயில விழாது. அவரு கையில எண்ணெ சட்டி இருக்கும்போது கூப்புடாம, நிமிந்து பாக்கும்போது "ஸுமிமாசென்"னு சொன்னா போதும்.

மொத ஆர்டருக்கு நான் எப்பவும் சொல்றது எடமாமே. பச்ச சோயா காய தோலோட வேகவெச்சி உப்பு போட்டது, நம்ம வேகவெச்ச மல்லாட்ட (வேர்க்கடல) மாதிரியே தான், தோல வாயில வெச்சி அழுத்துனா பருப்பு உள்ள போயிடும், தோல காலி கிண்ணத்துல போடணும், இது கையால தான் சாப்புடறது. அடுத்து யாகிதோரி, கோழிய குச்சியில குத்தி கரி அடுப்புல சுடறது. உப்பா, சாஸான்னு கேப்பாரு, 'ஷியோ'ன்னா உப்பு, 'தாரே'ன்னா இனிப்பு கலந்த சாஸ். நம்ம நாக்குக்கு ஷியோ தான், மேல மொளகா கலந்த பொடி தூவிக்கலாம், ஷிச்சிமின்னு கவுண்டர்லயே இருக்கும். கறிய குச்சிலேர்ந்து உருவி தட்டுல போட்டு பங்கு போடாதீங்க, அப்படியே கடிங்க, காலிக் குச்சிய போட மூங்கில் குழாய் வெச்சிருப்பாங்க. நம்மாளுங்க கல்லீரல், மாங்கா ஈரல்னு சின்ன வயசுலேர்ந்து தின்னவங்க, அதனால 'ரேபா', 'சுனகிமோ' ரெண்டும் தைரியமா சொல்லலாம், மொதலாவது ஈரல், ரெண்டாவது மாங்கா, அதாவது கோழியோட எரப்பை. 'மோத்ஸுநிகோமி'ன்னு இருந்தா அது குடல் கொழம்பு, காரம் இல்லாத போட்டின்னு வெச்சிக்கங்க, பன்னியாவோ மாடாவோ இருக்கும், கேட்டுக்கங்க. கத்திரிக்காய்ல மிசோ (புளிக்க வெச்ச சோயா விழுது) தடவி சுட்டுத் தருவாங்க, நாஸு தெங்காகுன்னு. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா சாப்ட்ட வாய்க்கே அது புடிச்சிதுன்னா பாத்துக்கங்க.

சைவம்னா கஷ்டம், ஒளிச்சி சொல்றதுல பிரயோஜனம் இல்ல. என் ஃபிரண்டு ஒருத்தன் சுத்த சைவம், டோஃபு (சோயா பன்னீர்) தானேன்னு ஆகேதாஷி டோஃபு சொன்னான். சூடா வந்துது, மேல மெலிசா மரத்தூள் மாதிரி ஏதோ ஒண்ணு ஆவிபட்டு தானா ஆடிகினு இருந்துது. "இன்னாடா இது உயிரோட கீது"ன்னான். காய வெச்ச மீன சீவிப் போட்டது அது, கட்ஸுவோபுஷி. அத எடுத்துட்டாலும் அடியில இருக்கற தண்ணியும் அதே மீன்ல எறக்குன தாஷின்ற சாறு தான். கறி வேணாம்னு சொன்னா கறி மட்டும் தான் போடாம தருவாங்க, மீனு அவங்க கணக்குல வராது. அதனால எடமாமே, உப்பு போட்டு சுட்ட ஷிஷிதோ மொளகா, வெள்ளரிக்கா, உப்பு சோத்து உருண்ட, உருளக்கெழங்கு வறுவல், இதோட நிறுத்திக்கங்க. மாடு சாப்புடாதவங்க "க்யூநிகு தாபேராரெமாசென்"னு மொதல்லயே சொல்லிடுங்க. 'பாசாஷி'ன்னா பச்ச குதிரக்கறி, அப்பறம் என்ன திட்டக் கூடாது. இட்லிப்பொடி, ஊறுகான்னு பையிலேர்ந்து எடுக்கறதும் வேணாம், வெளிப்பொருள் உள்ள கூடாது.

குச்சி புடிக்கத் தெரியலன்னா பரவால்ல, ரெண்டு தப்பு மட்டும் பண்ணாதீங்க. சோத்துல குச்சிய நட்டமா குத்தி வெக்கக் கூடாது, அது செத்தவங்களுக்கு படைக்கறது. இன்னொண்ணு, ஒருத்தரு குச்சிலேர்ந்து இன்னொருத்தரு குச்சிக்கு துண்ட மாத்தக் கூடாது. ஏன்னு கேட்டா, தகனம் முடிஞ்சி எலும்ப அப்படித் தான் குச்சியால சேந்து எடுத்து கலசத்துல போடுவாங்களாம். பாலாத்தங்கரையில எலும்பு பொறுக்குன வீட்டுக்காரங்களுக்கு இத ரெண்டாவது தடவ சொல்ல வேணாம்.

கடைசியா சோறு. குடிச்சி முடிச்சதும் வயித்த மூடறதுக்கு ஒண்ணு சாப்புடுவாங்க, ஷிமேன்னு பேரு. ஓச்சாஸுகே கேளுங்க, சூடான சோத்துல டீயோ தாஷியோ ஊத்தி மேல ஒரு புளிப்பு ஊறுகா. நம்ம மோர் சாதம் எப்படி விருந்த முடிச்சி வெக்குதோ அதே வேல.

அது முடிஞ்சா கெளம்புங்க, வெளிய ஆளு நின்னுகினு இருப்பாங்க. "ஓகாய்கே"ன்னு சொன்னா பில்லு வரும், இல்ல ரெண்டு ஆள்காட்டி வெரல குறுக்க வெச்சி காட்டுனாலும் புரிஞ்சிக்குவாரு. சின்ன கடையில கார்டு ஓடாம இருக்கலாம், பணம் வெச்சிக்கங்க, ஒருத்தருக்கு 3000லேர்ந்து 4000 யென் ஆகும். காச கையில திணிக்காம அங்க இருக்கற தட்டுல வைங்க. டிப்ஸ் கெடையாது, வெச்சிட்டு வந்தா மறந்துட்டீங்கன்னு தெருவுல ஓடி வருவாரு. 2020 ஏப்ரல்லேர்ந்து உள்ள சிகரெட் புடிக்க தட இருக்கு, ஆனா பழைய சின்ன கடைங்களுக்கு வெலக்கு உண்டு, அதனால பொக ஆகாதவங்க வாசல்ல ஒட்டியிருக்கறத பாத்துட்டு நொழைங்க. வெளிய வரும்போது "கொச்சிஸோசமா தெஷ்தா"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க, அவரு மொகத்த பாருங்க அப்ப. தெருவுல நின்னு கத்தாதீங்க, மாடியில வீடு இருக்கும். சைக்கிள்ல போயிருந்தா தள்ளிகினு தான் வரணும், குடிச்சிட்டு சைக்கிள் ஓட்டுனாலும் கேஸு, 2024 நவம்பர்லேர்ந்து தண்டன இன்னும் கடுமையாக்கிட்டாங்க. கடைசி ரயிலு நடுராத்திரி வாக்குல போயிடும், அத விட்டா டாக்ஸிக்கு குடுக்கற காசுல இன்னும் ரெண்டு நாளு குடிக்கலாம்.

இதெல்லாம் சொல்லி முடிச்சிட்டு டீக்கு காசு குடுத்துட்டு வண்டிய எடுக்கறேன், பின்னாடி உக்காந்துகினு கேக்கறான், "அண்ணா, அந்த மல்லாட்ட மாதிரி இருக்கறது பேரு இன்னா சொன்ன?"

"எடமாமே."

"மாமேன்னு முடியுதா? அப்ப மறக்காதுண்ணா."