கூலிங் கிளாஸ் மாட்டித் தரும் தம்பிகளுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடிக் கடையில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தால் முதல் மாதம் துடைக்கிற வேலை, அடுத்த மாதம் ஸ்குரூ முடுக்குகிற வேலை. அப்புறம் மெல்ல, ஃபிரேமுக்கு ஏற்ப லென்ஸை வெட்டுகிற எட்ஜிங் மெஷின் பக்கம் போவான். நாங்கள் எல்லோரும் அந்த வயதில் எந்த லென்ஸை எப்படிக் கெடுத்தோமோ, அதையே அவனும் அப்படியே கெடுப்பான். தூத்துக்குடியில் கூலிங் கிளாஸ் கோடை வியாபாரம் மட்டும் இல்லை. உப்பளம், மீன்பிடி, துறைமுக லாரி என்று வருஷம் முழுக்க ஆள் வருவதால், தவறுக்கும் சீசன் கிடையாது.

கறுப்பாக இருந்தாலே கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது, சட்டை நுனியால் துடைப்பது, வண்டி டேஷ்போர்டில் வெயிலில் போட்டு வைப்பது இதையெல்லாம் எழுதாத ஆள் இல்லை. நான் விட்டுவிடுகிறேன்.

ராத்திரி ஓட்ட மஞ்சள் லென்ஸ்

விற்காதீர்கள். இருட்டில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் அது ஒரு பங்கைத் தின்றுவிடும்.

போலராய்டு லென்ஸைத் திசை பார்க்காமல் வெட்டுவது

இதைப் பற்றித்தான் எழுதவே உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கூடச் சேர்ந்து வந்தவை.

உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தும் அண்ணாச்சி ஒருவர். வெளியூரில் ஒரு கடையில், பவரோடு போலராய்டு லென்ஸ் (கூச்சத்தை அடக்குகிற லென்ஸ்) போட்டு, துளி வடிவ ஏவியேட்டர் ஃபிரேமில் செய்து வாங்கியிருந்தார். விலை கொஞ்சநஞ்சம் இல்லை. பாத்தி ஓரமாக நடந்தால் மதியத்துக்குள் தலை கனத்துவிடுகிறதாம். அந்தக் கடையில் போய்ச் சொன்னால் "புதுக் கண்ணாடி, போகப் போகச் சரியாயிரும்" என்றிருக்கிறார்கள். சரியாகவில்லை. மறுபடி போனார். கண்ணைச் சோதித்துப் பவரைக் கால் பாயின்ட் மாற்றி, அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் கடைக்கு வந்து அவர் சொன்னது: "ஒரு கண்ணுல தண்ணி மினுங்குது, இன்னொரு கண்ணுல மினுங்கல. என்ன எழவுன்னே தெரியல."

"அண்ணாச்சி, அதக் கொஞ்சம் கழட்டித் தாங்க."

வாசலில் நின்ற காரின் பானட்டில் வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது. ஃபிரேமை மட்டமாகப் பிடித்து வலது லென்ஸ் வழியாகப் பார்த்தேன், பளபளப்பு அடங்கியது. இடது லென்ஸ் வழியாகப் பார்த்தால் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஃபிரேமை மெல்லச் சாய்த்துக்கொண்டே போனேன். ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் அடங்கிற்று. பவரில் ஒரு குறையும் இல்லை, சென்டரும் சரி. மாட்டியவன் இடது லென்ஸைச் சுழற்றி வைத்து வெட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் 1929இல் போலராய்டு லென்ஸுக்குள் இருக்கும் பிலிமுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிக் கொடுத்தபோது, அவர் மனதில் இருந்தது கூலிங் கிளாஸ் இல்லை; எதிரே வரும் காரின் ஹெட்லைட் கூச்சம். போலராய்டு என்ற கம்பெனி 1937இல் வந்தது. இன்றைக்கு நாம் வாங்கும் லென்ஸுக்குள் இருப்பது, சாயம் ஏற்றி ஒரே பக்கமாக இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் பிலிம். எண்ணெய் வைத்துச் சீவிய தலைமுடி போல அதன் மூலக்கூறுகள் ஒரே திசையில் படிந்து கிடக்கும். தண்ணீர், தார்ச்சாலை, கார் பானட் என்று மட்டமான பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் இடவலமாக அதிர்ந்துகொண்டு வருகிறது. பிலிமும் இடவலமாகப் படிந்திருந்தால்தான் அதை விழுங்கும். திசை மாற மாற அது வெறும் சாயக் கண்ணாடியாகிவிடும்.

எவ்வளவு மாறினால் எவ்வளவு கசியும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 10 டிகிரி விலகினால் கூச்சத்தில் 3 சதவீதம் உள்ளே வரும், பொறுத்துக்கொள்ளலாம். 20 டிகிரிக்கு 12 சதவீதம். 30 டிகிரிக்கு 25 சதவீதம், அதாவது அண்ணாச்சியின் இடது கண்ணுக்குக் கால்வாசி. 45 டிகிரி என்றால் சரிபாதி. 90 டிகிரி திருப்பி மாட்டினால் இன்னும் மோசம். கூச்சத்தை முழுதாக விட்டுவிட்டு நல்ல வெளிச்சத்தைக் குறைக்கும்.

இரண்டு கண்ணிலும் ஒரே அளவு கசிந்தாலாவது "என்னமோ லென்ஸ் சுமார்தான்" என்று போய்விடுவார்கள். ஒரு கண்ணில் மினுக்கும் ஒரு கண்ணில் அடக்கமும் இருந்தால் மூளை இரண்டையும் ஒன்றாக்க முடியாமல் திணறும். தலை கனப்பது அதனால். அதைப் பவர் கோளாறு என்று நினைத்து இன்னொரு தடவை காசு பிடுங்குவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். வெட்டிய ஏவியேட்டர் லென்ஸைத் திருப்பி வைக்க வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் சாயம் லேசாக மாறும் என்று, அண்ணாச்சி இரண்டு லென்ஸுக்குமே மறுபடி பணம் கொடுத்தார்.

சுழன்றது எப்படி? சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறுகிற பவர்) இருந்தால் எந்தப் பையனும் அதன் திசையான ஆக்ஸிஸ் பார்த்துத்தான் டாட் போடுவான். பவர் அளக்கிற லென்ஸோமீட்டர் விடாது. எல்லாத் திசையிலும் ஒரே அளவான வெறும் ஸ்பியர் பவர் என்றாலோ, பவரே இல்லாத பிளைன் என்றாலோ, எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டரில் ஒரே மாதிரிதான் தெரியும். போலராய்டின் திசையை லென்ஸோமீட்டர் காட்டாது. அதைக் காட்டுவது, பிளாங்க் என்கிற வெட்டாத லென்ஸின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டோ, மையில் போட்ட கோடோதான். பையன் என்ன செய்கிறான்? கைரேகை பட்டிருக்கிறதே என்று ஸ்பிரிட் துணியால் லென்ஸைப் பளிச்சென்று துடைக்கிறான். கோடும் போய்விடுகிறது. பிறகு தோதான பக்கமாக, மெஷின் பிடித்துக்கொள்கிற பிளாக்கை லென்ஸில் ஒட்டி உள்ளே விடுகிறான்.

ஆகவே துடைக்குமுன் கோட்டின் இரு முனையிலும் மார்க்கரால் பெரிதாக டாட் போடுங்கள். மையே இல்லாத பிளாங்க் வந்தால், திசை தெரிந்த நல்ல கூலிங் கிளாஸ் ஒன்றின் மேல் வைத்துச் சுழற்றுங்கள். எந்த இடத்தில் கும்மிருட்டாகிறதோ, அது நல்ல திசைக்கு நேர் குறுக்கு. அங்கிருந்து 90 டிகிரி திருப்பினால் சரி. மொபைல் திரையை நம்பி வெட்டாதீர்கள். ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு கோணத்தில் இருட்டடிக்கும். லென்ஸ் போலராய்டா இல்லையா என்று பார்க்க மட்டும்தான் அது ஆகும். மாட்டி முடித்ததும் பானட்டிலோ கடை டைல்ஸிலோ ஒருமுறை பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் அடங்க வேண்டும். 5 டிகிரிக்கு மேல் போனால் நான் கவுன்டரைத் தாண்ட விடமாட்டேன்.

வட்ட ஃபிரேமுக்குத் தனிக் கவனம் வேண்டும். சரியாகவே வெட்டியிருப்பீர்கள், ஸ்குரூ தளர்ந்தால் லென்ஸ் ரிம்முக்குள் தானே சுழன்றுவிடும். நல்ல வேளையாக அதைத் திருப்பிச் சரிசெய்ய ஸ்குரூடிரைவர் போதும்.

இன்னொன்று. பாத்தியில் நிற்கிற ஆளுக்கு, காலிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீரில்தான் போலராய்டு முழு வேலையையும் காட்டும். வெளிச்சம் படும் கோணம் அங்கே அப்படி அமைகிறது. ஆனால் வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின் வெள்ளை வேறு மாதிரி. அது வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் போலராய்டுக்குப் பிடி கிடைக்காது. அங்கே உதவுவது சாயத்தின் அடர்த்திதான். தண்ணீர்ப் பக்கம் நிற்பவரா, அம்பாரத்துப் பக்கம் லோடு ஏற்றுபவரா என்று கேட்டுவிட்டு விற்றால், ஏழை ஆளுக்குப் பாதிக் காசு மிச்சம்.

விற்கும்போதே சொல்லிவிட வேண்டியதும் உண்டு. ஏ.டி.எம். திரை இருட்டாகத் தெரியலாம். கார்களின் பின் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் கட்டம் தெரியும். அது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியின் இறுக்கம், நம் லென்ஸின் கோளாறு இல்லை. ஏவியேட்டர் விமானிகளுக்காக வந்த ஃபிரேம்தான், 1937இல் பாஷ் அண்ட் லாம் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த விமானிகளுக்கே போலராய்டு வேண்டாம் என்றுதான் அறிவுரை: காக்பிட் திரைகள் மறைந்துவிடும்.

வளைந்த ஸ்போர்ட்ஸ் ஃபிரேமில் பவர் போடுவது

முகத்தைச் சுற்றி வளையும் ஃபிரேம் பெரும்பாலும் 8 பேஸ், அதாவது வளைவு அதிகம். பையன்கள் வாங்கி வந்து "இதுலயே என் பவரப் போட்டுத் தாங்கண்ணே" என்பார்கள். மைனஸ் ஒன்று, ஒன்றரை என்றால் சமாளிக்கலாம். மைனஸ் நாலுக்கு ஓரம் தடித்து ரிம்மை விட்டு வெளியே நிற்கும். அதைவிட, லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதால் எழுதிய பவர் ஒன்று, கண்ணுக்குப் போய்ச் சேரும் பவர் ஒன்று. இல்லாத சிலிண்டர் வேறு புதிதாகச் சேரும். அந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துச் செய்து தருகிற லேபுகள் உண்டு, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். அவ்வளவு செலவழிக்க மனமில்லாதவருக்குத் தட்டையான ஃபிரேமைக் காட்டுங்கள், அல்லது பவர் கண்ணாடியின் மேல் மாட்டும் கிளிப்-ஆன். வருத்தப்பட்டுக்கொண்டேதான் வாங்குவார், பரவாயில்லை.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸை, கூலிங் கிளாஸ் என்று விற்பது

போட்டோகுரோமிக் லென்ஸைக் கறுக்க வைப்பது புறஊதாக் கதிர். காரின் முன் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், ஸ்டியரிங் பிடிப்பவருக்கு லென்ஸ் சரியாகக் கறுக்காது. ஹெல்மெட் வைசரை இறக்கிவிட்டு பைக் ஓட்டுபவருக்கும் அதே கதை. லாரி டிரைவரிடம் இதை விற்றுவிட்டு அவர் வாயில் விழுவது தேவையா?

பிரசுரத்தில் போடாத விஷயம் இன்னொன்று: சூடு ஏற ஏற இந்த லென்ஸ் குறைவாகத்தான் கறுக்கும். கொடைக்கானல் குளிர்வெயிலில் நன்றாகக் கறுத்த அதே ஜோடி, எங்கள் ஊர் மே மாத மதியத்தில் பழுப்போடு நின்றுவிடும். வீட்டுக்கும் வாசலுக்கும் நடமாடுகிறவருக்கு நல்ல லென்ஸ் அது. அப்படிச் சொல்லி விற்கலாம்.

ஊதா டார்ச் வித்தை

கவுன்டரில் ஒரு அட்டை, ஒரு ஊதா டார்ச். வெறுமனே அடித்தால் அட்டையில் தடம் விழும். லென்ஸை நடுவில் வைத்து அடித்தால் விழாது. "பாத்தீங்களா, யுவி புரொடெக்‌ஷன்!" அதே இடத்தில் பட்டறையில் போடுகிற வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அது பாலிகார்பனேட், அதுவும் தடுக்கும். சாயமே வேண்டாம். புறஊதாவைத் தடுப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி ஊதுகிறவர்களுக்கு வரும் கண்புரைக்காக வில்லியம் க்ரூக்ஸ், சீரியம் கலந்த கண்ணாடியெல்லாம் செய்து பார்த்து 1914இல் வெளியிட்டார். பழைய கடைக்காரர்கள் இன்னும் லேசான சாய லென்ஸை 'க்ரூக்ஸ்' என்றே சொல்வார்கள். அன்று அது சாதனை. இன்று பாலிகார்பனேட்டாக இருந்தால் நடைபாதைக் கடைச் சரக்கும் அந்தச் சோதனையில் தேறும்.

அது தோற்பது வேறு இடத்தில். கையை நீட்டி, லென்ஸ் வழியாகத் தரை டைல்ஸின் கோட்டைப் பார்த்து, லென்ஸை மெல்ல மேலும் கீழும் ஆட்டுங்கள். பவர் இல்லாத லென்ஸில் கோடு அசையக் கூடாது. நடுவில் நெளிந்து வளைந்தால் அந்த லென்ஸ் சரியில்லை. வாடிக்கையாளருக்கு ஏதாவது செய்து காட்டத்தான் வேண்டும் என்றால் இதைக் காட்டுங்கள்.

மெட்ராஸ் ஐ

கண்ணாடி போட்டால் மற்றவருக்குப் பரவாது என்று சொல்லி விற்காதீர்கள். அது பார்வையால் பரவுவதில்லை; கை, துண்டு, தலையணை உறை வழியாகப் பரவுகிறது. கூச்சம் குறையும், கண்ணைத் தேய்க்கிற கை தடைபடும், அவ்வளவுதான். கண் சிவந்து வந்தவர் போட்டுப் பார்த்த பீஸைத் துடைக்காமல் டிரேயில் திரும்ப வைக்கிற பையனை நான் சும்மா விடமாட்டேன்.

கிரகணம்

கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாக வளையச் சூரிய கிரகணம் போனதே, அப்போதும் "நல்ல கறுப்பா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வந்தார்கள். கூலிங் கிளாஸில் மிகக் கறுப்பான 4ஆம் பிரிவே நூற்றில் 3 முதல் 8 பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். (அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, அது தனி.) கிரகணம் பார்க்கிற வடிகட்டி விடுவது லட்சத்தில் 3 பங்குதான். இரண்டு கூலிங் கிளாஸை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அப்போதும் குறைந்தது பத்தாயிரத்தில் 9 பங்கு வந்துவிடும்; அதுவும் கூடாது.