ஆடுகளுக்குப் புழுவும் ஈயும்: மலையகத்தில் நாம் விடும் தவறுகள்

ஆடு மெலிந்தால் பூச்சி மருந்தை வாங்கி ஊற்றிவிட்டு, மறுநாள் விடிந்ததும் அதே ஈரப்புல்லில் கட்டுகிறோம். மருந்து வயிற்றுப் புழுவைத்தான் கொல்லும். புல்லில் காத்திருக்கும் புழுவை அது தொடுவதே இல்லை.

செம்மறியோ வெள்ளாடோ, உயிரைக் குடிப்பது ஹெமொங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். புழுக்கையோடு விழும் முட்டை பொரித்து, குஞ்சுப் புழு புல்லின் ஈரத்தில் ஏறுகிறது. வெதுவெதுப்பான ஈரத்தில் இதற்கு ஒரு வாரம் போதும். நுவரெலியாக் குளிரில் வளர்ச்சி மந்தமாகும், ஆனால் வளர்ந்துவிட்ட குஞ்சுப் புழு நெடுநாள் தாங்கும். ஆகவே பனி உலராமல் மேய விடுவது தவறு. லயத்துக்குப் பின்னால் ஒரே முளையில் நாள்கணக்கில் கட்டுவது அதைவிடப் பெரிய தவறு. ஆடு தன் புழுக்கை விழுந்த கட்டைப்புல்லையே கடிக்கிறது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை ஓயாது. அப்போது பலா இலையைக் கொத்தாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். கொட்டிலுக்கு உயர்த்திய பலகைத் தரை இருந்தால் மிகவும் நல்லது.

கழிச்சல் வரட்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. இந்தப் புழுவுக்குக் கழிச்சல் பெரும்பாலும் வராது. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் நலம், வெளுத்திருந்தால் இரத்தம் போய்விட்டது. தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கினால் அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாக ஊற்றினால், தப்பிய புழு அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது. மருந்து பலவற்றில் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அளவு வேறு. ஆனால் லெவமிசோல் என்ற பூச்சி மருந்து கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும். எனவே அளவை வைத்தியரிடமே கேளுங்கள். அல்பென்டசோல் என்ற இன்னொரு பூச்சி மருந்தை சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுக்காதீர்கள்.

ஈக்கு ஒரு சிறு காயம் போதும். குட்டியின் தொப்புள், கொம்பு முட்டிய இடம், உண்ணி கடித்த புண் எதிலும் முட்டையிடும். ஒரே நாளில் பொரித்து, புழு உயிர்ச் சதைக்குள் தலைகீழாகத் துளைக்கும். குட்டி விழுந்த உடனே தொப்புளில் அயடின் தடவுங்கள். செம்மறியின் வால் பக்கத்து ரோமத்தில் சாணம் அப்பிக் கிடந்தாலும் ஈ வரும்; கத்தரித்துவிடுங்கள்.

புண்ணில் பினாயிலும் மண்ணெண்ணெயும் ஊற்றுவது ஊரெங்கும் நடக்கிறது. நல்ல சதையும் வெந்து, புண் இன்னும் ஆழமாகிறது. இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்து, வைத்தியர் தரும் களிம்பைப் பூசுங்கள். எடுத்த புழுவை மண்ணில் வீசினால் அங்கேயே கூட்டுப்புழுவாகி ஈயாக எழும். கொதிநீரில் போடுங்கள்.